நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

எங்கள் பிக்-அப் வண்டிக்குக் கொஞ்ச நாள் பின்னால் போக நாலு கியரும் முன்னால் போக ஒரே ஒரு கியரும் இருந்தன. சொன்னால் யாரும் நம்புவதில்லை, டீச்சர் கதை விடுகிறார் என்பார்கள். பெங்களூர் ஜீவனஹள்ளியில் ரயில் பாதையை ஒட்டிய காலி மனையில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏன், எப்படி என்று கேட்காமல் என்னால் ஒரு தையல் மெஷினைக்கூடத் தாண்டிப் போகமுடியாது. என் கணவருக்கு அந்த வியாதி இல்லை. அவருக்கு வேறு வியாதி. எதைப் பார்த்தாலும் அதில் இருக்கிற குற்றம்தான் முதலில் கண்ணில் படும்.

அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தார். போலீஸ் இல்லை. இயந்திரத்திலிருந்து கடைந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, தேறியதை அனுப்பி, தேறாததை ஒதுக்குகிற இன்ஸ்பெக்டர். தேறாததன் மேல் சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். விளக்கம், வாக்குவாதம் எதுவும் கிடையாது. அந்தக் குறியைப் பார்த்ததும் கடைந்தவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துப்போவாராம்.

வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை ஓயாது. சுவரில் திருக்குடும்பப் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய் நிமிர்த்துவார். குழம்பில் புளி சற்றே தூக்கலாகிவிட்டால் முதல் வாயிலேயே சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில், இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அழுதிருக்கிறேன். அப்புறம் பதிலுக்குப் பதில் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி உப்பைப் பற்றியது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அவர் தொழிற்சாலைக்குப் புது முறை ஒன்று வந்தது. அவரவர் வேலையை அவரவரே சோதித்துக்கொள்ள வேண்டும், தனியாகச் சோதிக்க ஆள் தேவையில்லை என்றார்கள். இன்ஸ்பெக்டர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் போய்விடுங்கள் என்று நாசூக்காகச் சொன்னார்கள். இவரும் மாலை போட்டுக்கொண்டு, கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டார். முதல் மாதம் எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டாவது மாதம் திருக்குடும்பப் படம் சாய்ந்தே கிடந்தது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சாய்த்துவைத்துப் பார்த்தேன். அதன் கீழேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன், அதில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவர் அதை வைத்து இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. நாக்கு செத்துப்போகவில்லை. மனுஷன் உள்ளே ஏதோ ஒரு விளக்கை அணைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வண்டிப் பேச்சு வந்தது. அவருடைய அண்ணன் ஓசூருக்குக் குடிபோனபோது ஒரு பழைய பெட்ரோல் பிக்-அப்பை எங்களிடம் விட்டுப்போயிருந்தார். கோழிகள் குடும்பம் நடத்தத்தான் அது அதுவரை பயன்பட்டது. விவேக் நகரில் பேக்கரி வைத்திருந்த என் பெரியம்மா மகன் ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், இதை டீசலுக்கு மாத்துங்க. கடைகளுக்கு பன்னு, பிரெட்டு போடுற லைனை உங்ககிட்டவே விட்டுடறேன். ஆனா கிறிஸ்துமஸ் கேக் லோடு ஆரம்பிக்கிறதுக்குள்ள வண்டி வந்துடணும். இல்லைன்னா வேற ஆளைப் பிடிச்சுடுவேன், அப்பறம் என்னைத் திட்டக்கூடாது" என்றான்.

இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான்தான் முந்திக்கொண்டு சரி என்றேன். வண்டி ஓடவேண்டும் என்பதல்ல என் கவலை. காலையில் எழுந்தால் இவருக்குப் போக ஓர் இடம் வேண்டும், இவர் இல்லாவிட்டால் நடக்காது என்று ஒரு வேலை வேண்டும். இல்லையென்றால் இந்த மனுஷன் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ரயில் பாதையோரம் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் பாயிடம் வேலையை ஒப்படைத்தோம். ஐம்பது வயதுக்காரர், வேலையில் கெட்டிக்காரர், அவசரக்காரரும்கூட. எங்களோடு தமிழ் பேசுவார், கொட்டகைக்கு எதிர் வீட்டு அம்மாவோடு கன்னடம் பேசுவார், தனக்குத்தானே உருது பேசிக்கொள்வார், வண்டியை மட்டும் இங்கிலீஷில் திட்டுவார். ஆனேக்கல் பக்கம் பள்ளத்தில் உருண்டு மேல்பாகம் நசுங்கிப்போன ஒரு டீசல் ஜீப்பை அவரே எங்கிருந்தோ பிடித்துவந்தார். மேலேதான் அப்பளம், கீழே எல்லாம் முழுசாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு வண்டிக்கும் நடுவே நின்று பார்ப்பேன். ஜீப்பிலிருந்து இன்ஜின், அதன் வாலில் கியர் பாக்ஸ், அங்கிருந்து பின்னால் போகிற நீளமான உருட்டுக் குழாய், கடைசியில் இரண்டு பின்சக்கரத்தையும் தாங்குகிற இரும்பு அச்சு. அந்த அச்சின் நடுவே பானை வயிறு மாதிரி ஓர் உருண்டை, அதற்குள் பல்சக்கரங்கள். அச்சு முழுவதையும் சேர்த்து ஹௌசிங் என்றார் பாய். நான்கையும் கழற்றி எங்கள் வண்டிக்கு மாற்றவேண்டும். எங்கள் வண்டியில் மிஞ்சப்போவது சட்டமும் கூண்டும் முன்சக்கரமும்தான்.

"அப்படின்னா மாத்தி முடிச்சப்பறம் இது எந்த வண்டி பாய்? அதுவா, இதுவா?" என்று கேட்டேன்.

"நம்பர் பலகை எதுல கீதோ அதான் வண்டி, மேடம்" என்றார்.

இதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இவரும் கூடவே வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் கேட்கிற கேள்விக்குப் பாய் பதில் சொல்லிக் களைத்துப்போவார், இவரோ ஒரு வார்த்தை பேசமாட்டார். பாய் பல இன்ஜின்களை மாற்றியவர்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டியின் பழைய ஹௌசிங்கையே விட்டுவிடுவாராம். இந்தத் தடவை எங்களுடையது துருப்பிடித்துப்போயிருந்ததால், புது இன்ஜின் இழுக்கிற இழுப்பைத் தாங்காது என்று அதையும் மாற்றச் சொன்னார்.

அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. வண்டியின் பாரத்தைத் தாங்க வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. ஜீப்பில் ஹௌசிங் அந்தப் பட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. எங்கள் வண்டியில் பட்டைகளுக்குக் கீழே தொங்கவேண்டும். ஆகவே பட்டை வந்து பொருந்துகிற இரும்பு மேடைகள் ஜீப்பின் ஹௌசிங்கில் அடிப்பக்கம் இருந்தன, எங்களுக்கோ அவை மேல்பக்கம் தேவை. வெட்டி எடுத்து மேலே வைத்து வெல்டிங் அடிக்கவேண்டும். பாய் தலையைச் சொறிந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"வெட்டுறது எதுக்கு? அப்படியே தலைகீழா திருப்பிப் போட்டா மேடை தானா மேல வருது இல்ல?"

இரண்டு பேர் பிடித்துத் தோசையைத் திருப்புவதுபோல ஹௌசிங்கைத் திருப்பினார்கள். மேடைகள் மேலே வந்தன. பட்டைகள் வந்து சொன்னபடி உட்கார்ந்தன. எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது, வகுப்பில் ஒரு கணக்கைக் குறுக்கு வழியில் போட்ட பிள்ளையைப் பாராட்டுவதுபோலக் கையைத் தட்டினேன். உருண்டையின் அடியில், பழைய எண்ணெயை வடிப்பதற்கு ஒரு மூடி இருந்தது. இப்போது அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அதுவும் நல்லதுக்குத்தான், இது வழியாவே எண்ணெய் ஊத்தலாம்" என்றார் பாய்.

எல்லாம் முடுக்கிய பிறகு பாய் இவரைக் கூப்பிட்டார். "சார், நீங்க ஃபேக்டரியில பார்த்த ஆளு. ஒரு தபா பாருங்க, எல்லாம் சரியா கீதா?"

இவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்து, அழுக்கே படாத கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாததா பாய்" என்றார்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினைக் கிளப்பி, கியர் போட்டுப் பார்த்தார் பாய். சக்கரங்கள் ஜோராகச் சுற்றின. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். சுற்றுகிறதா என்று எல்லோரும் பார்த்தோம், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடிகாரம் சுற்றும் திசை, எதிர்த்திசை என்று ஆறாம் வகுப்புக்கு வருஷாவருஷம் பாடம் எடுக்கிற நானும் பார்க்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி ஓட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் பூசை போடாமல் வண்டி ஓரடிகூட நகரக்கூடாது, முதல் நகர்த்தல் சொந்தக்காரர் கையால்தான் என்பது பாயின் கொட்டகையில் வழக்கம். எந்த மதத்துக்காரர் வண்டியானாலும் அதுதான் சட்டம்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் கோயிலிலிருந்து ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். எதிர் வீட்டுக் கன்னடக்கார அம்மா, நாங்கள் கேட்காமலே, நான்கு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டார். பாய் இன்ஜின் மேல் கைவைத்து பிஸ்மில்லா சொன்னார். காலி மனை நிறைய ஜனம். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் ஏறி உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார், அதைப் பார்த்ததிலேயே எனக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். மூன்று மதமும் சேர்ந்து முன்னால் போகச் சொல்லியும் வண்டி பின்னால் போனது.

அதுவும் மெதுவாக இல்லை, ஆசையோடு போனது. எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்திலேயே முழுசாக இருந்தன. பின்னால் நின்றவர்கள் சிதறி ஓட, கழிவு எண்ணெய் டிரம்மில் போய் முட்டி வண்டி நின்றது. டிரம் சாய்ந்து எண்ணெய் ஆறாக ஓடியது.

"அய்யோ, ஹிந்தெ ஹோய்த்து ரீ!" என்று, பின்னால் போய்விட்டதே என்று எதிர் வீட்டு அம்மா கன்னடத்தில் கத்தினார். அதுதான் தாமதம், கூட்டமே சிரித்தது. ஒருவேளை கியர் தப்பாக விழுந்ததோ என்று இவர் இரண்டாவது கியரைப் போட்டார். வண்டி டிரம்மை இன்னும் தள்ளியது. பாய் ஓடிவந்து, "ரிவர்ஸ் போடுங்க சார், ரிவர்ஸ்!" என்றார். ரிவர்ஸ் போட்டதும் வண்டி நல்ல பிள்ளையாக முன்னால் நகர்ந்து எலுமிச்சம்பழங்களை நசுக்கியது. சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. "கூண்டைத் திருப்பி மாட்டிட்டா சரியாப்போச்சு!" என்று யாரோ யோசனை சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஃபாதரே வாயைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

இவர் இன்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், அவ்வளவு நல்ல வேடிக்கை அது. ஆனால் அந்த முதுகைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

பாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் சொன்ன சமாதானம் அவர் காதில் ஏறவில்லை. கியர் பாக்ஸ்தான் ஏமாற்றுகிறது, உள்ளே எவனோ எதையோ மாற்றி வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். அதைக் கழற்றிப் பிரித்துப் பார்த்துவிடுவதாகச் சொன்னார். பிரித்துச் சேர்க்க ஒரு வாரமாவது ஆகும். கேக் லோடு அதற்குள் ஆரம்பித்துவிடும், என் பெரியம்மா மகன் சொன்னபடி செய்கிற ஆள்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது கவலையால் மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஏன் பின்னால் போனது என்கிற கேள்வி தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கணவர் மானம் போய்ச் சுருண்டு படுத்திருக்கும்போதுகூட எனக்கு இப்படிப் புத்தி போகிறதே என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. இன்ஜின் சுற்றும் திசை மாறவில்லை. கியர் பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டியே வந்தது, யாரும் அதைத் திறக்கவில்லை. அப்படியென்றால் திசை எங்கே மாறியது?

அடுத்த நாள் லீவு. கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை அடிக்க உட்கார்ந்தேன். எங்களிடம் இருந்தது கையால் சுற்றுகிற எக் பீட்டர். பக்கவாட்டில் ஒரு பெரிய பல்சக்கரம், அதைக் கைப்பிடியால் சுற்றினால் அடியில் இரண்டு கம்பிப் பூக்கள் சுழலும். வருஷக்கணக்காகச் சுற்றியிருக்கிறேன், உற்றுப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். ஒரு பூ வலப்பக்கமாகவும் இன்னொன்று இடப்பக்கமாகவும் சுழன்றன. சுற்றுவது ஒரே கை, ஒரே பெரிய சக்கரம். ஆனால் ஒரு சின்னப் பல்சக்கரம் அதன் இந்த ஓரத்தைத் தொடுகிறது, மற்றது அந்த ஓரத்தைத் தொடுகிறது. எந்த ஓரத்தைத் தொடுகிறதோ அதைப் பொறுத்துத் திசை. எக் பீட்டரைச் சொட்டச் சொட்டத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தேன். வலது கைப்பக்கம் இருந்தது இடது கைப்பக்கம் வந்தது.

ஹௌசிங்! தலைகீழாகத் திருப்பினோமே! வலப்பக்கம் தொட்டுக்கொண்டிருந்த பல் இடப்பக்கம் போயிருக்கும். மேடை மேலே வந்ததோடு திசையும் மாறிவிட்டது. அடுப்பங்கரையில் நான் குதித்த குதியில் முட்டைக் கிண்ணம் கவிழாதது அந்த வருஷக் கேக்கின் அதிர்ஷ்டம்.

எக் பீட்டரோடு கூடத்துக்கு ஓடினேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாருங்க, கண்டுபிடிச்சுட்டேன்! கியர் பாக்ஸ் ஒண்ணும் ஆகலை. ஹௌசிங்கைத் திருப்பினோம் இல்ல, அதனாலதான். இதைப் பாருங்க, இந்தச் சக்கரம்..."

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"வடிக்கிற மூடி மேல இருந்துச்சு. மூடி மேல இருந்தா ஹௌசிங் தலைகீழ. தலைகீழன்னா பின்னாலதான் போவும்."

முட்டை சொட்டிக்கொண்டிருந்த எக் பீட்டரைக் கீழே இறக்கினேன். "எப்போ தெரியும்?"

"பாய் குனிஞ்சு பார்க்கச் சொன்னாரே, அப்பவே."

"தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா? அவ்வளவு ஜனத்துக்கு முன்னாடி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புனீங்களே!"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஒருவேளை நான் பார்த்தது தப்பா இருக்கும்னு நினைச்சேன். சோதிக்க ஆளு வேணாம்னுதானே அனுப்பிச்சாங்க. இருபது வருஷத்துக்கு மேல நான் போட்ட குறி இல்லாமலே அங்க எல்லாம் ஓடுதாம், போன வாரம் ஒருத்தன் சொன்னான். அப்போ நான் என்னாத்தைப் பார்த்தேன் அத்தனை வருஷம்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஊமை கண்ட கனவு மாதிரி இத்தனையையும் உள்ளேயே வைத்துக்கொண்டு உப்பில்லாத சோற்றைத் தின்றிருக்கிறார் மனுஷன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

"பாய் இன்னைக்குக் கியர் பாக்ஸைப் பிரிக்கப்போறார். நல்ல கியர் பாக்ஸ். நான் போறேன். ஆனா நான் சொல்லமாட்டேன். பார்த்தது நீங்க. வந்து சொல்றதுன்னா சொல்லுங்க, இல்லைன்னா அந்த மனுஷன் பிரிக்கட்டும்" என்று கத்திவிட்டு, கையைக் கழுவி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, கொட்டகையில் போய் நின்றபோது நாக்கு துறுதுறுவென்றது. என் வாழ்க்கையில் ஒரு பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தது அன்று ஒருநாள்தான். பாய் வண்டிக்கு அடியில் படுத்துக் கியர் பாக்ஸின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தார். "என்னா மேடம், இன்னைக்குக் கேள்வியே காணோம்?" என்று அடியிலிருந்து கேட்டார். தலைவலி என்றேன். இன்னொரு போல்ட் கழன்றது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வண்டி போனால் போகட்டும், இவர் வராமல் இருந்துவிட்டால் அதற்குப்பிறகு வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவேன் என்றுதான் யோசித்தேன்.

வந்தார். சவரம் செய்யாத முகம், கலைந்த தலை, வீட்டில் போடுகிற பழைய செருப்பு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கமாகத் தரையில் படுத்து உள்ளே நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"டீச்சர். சிவப்பு சாக்பீஸ் இருக்கா?"

டீச்சர் பையில் சாக்பீஸுக்கா பஞ்சம்? எடுத்து அந்தக் கையில் வைத்தேன். இரும்பின்மேல் சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது, இரண்டே இழுப்பு. குனிந்து பார்த்தேன். அந்த உருண்டை வயிற்றில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"பாய், கியர் பாக்ஸைத் தொடாதீங்க" என்றது அவர் குரல். அந்தக் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. "ஹௌசிங் தலைகீழ கிடக்குது. கழட்டுங்க. மேடையை வெட்டி மேல வெச்சு வெல்டிங் அடிக்கணும். வேற வழி இல்ல."

இன்னொரு பக்கத்திலிருந்து பாய் ஊர்ந்து வந்தார். இருவரும் வண்டிக்கு அடியில் முகத்துக்கு முகம் படுத்துக்கொண்டு பேசினார்கள். பாய் மூடியைப் பார்த்தார், உருண்டையைத் தடவினார், உருதுவில் தன்னையே என்னவோ திட்டிக்கொண்டார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"சார், அன்னைக்கே பார்த்துட்டீங்களா இதை?"

"பார்த்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?" பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியே அதிருகிற மாதிரி கத்தினார். "மரியாதைக்கா கூப்பிட்டேன் உங்களை? என் கண்ணுக்குத் தப்பினது உங்க கண்ணுல படும்னுதானே பார்க்கச் சொன்னேன்! ஊரே சிரிச்சுது என்னைப் பார்த்து! கண்ணு இருக்கிற ஆளு வாயை மூடினா நாங்கல்லாம் என்னா பண்றது, சொல்லுங்க?"

யாராவது தன் கணவரை இப்படித் திட்டினால் பெண்டாட்டிக்குக் கோபம் வரவேண்டும். எனக்கு அந்தப் பாயைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. அவர் திட்டத் திட்ட, இவர் மல்லாக்கப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கிரீஸ் சொட்டியது, துடைக்கவில்லை. "தப்புதான் பாய்" என்றார் கடைசியில். "இனிமே சொல்றேன்."

சொன்னார். சொல்லித் தொலைத்தார் என்றுதான் சொல்லவேண்டும். வெட்டிய மேடை மட்டம் இல்லை என்றார், வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு பெருக்கல் குறி, பட்டையை ஹௌசிங்கோடு பிடிக்கிற யூ போல்ட் ஒன்று தேய்ந்திருக்கிறது என்று இன்னொரு குறி. என் பை காலியாகிவிட்டது. பாய் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி செய்தார். ஒரு கட்டத்தில், "மேடம், சார் பேசாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு" என்று என் காதோடு சொன்னார். இந்தத் தடவை ஜாக்கியில் தூக்கிச் சுற்றவிட்டபோது, சக்கரம் எந்தப் பக்கம் போகிறது என்று மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

இரண்டாம் முறை ஃபாதர் வரவில்லை, ஒரு தடவை தெளித்த தீர்த்தம் போதும் என்று சொல்லி அனுப்பினார். எதிர் வீட்டு அம்மா மட்டும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று சக்கரத்துக்குப் பின்னாலும் நான்கு வைத்தார். வண்டி முன்னால் போனது. பின்னால் வைத்த நான்கையும் அவரே பொறுக்கிக்கொண்டு போய் ஊறுகாய் போட்டு எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்.

கேக் லோடு கைவிட்டுப் போகவில்லை. விவேக் நகரிலிருந்து முதல் நடை போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். என் பெரியம்மா மகன் பெட்டிகளை அடுக்குகிற விதம் சரியில்லை என்று வாசலிலேயே ஆரம்பித்தார். கூடத்தைத் தாண்டும்போது நின்று, திருக்குடும்பப் படத்தை ஒரு விரலால் நிமிர்த்தினார். கை கழுவி உட்கார்ந்தார். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். முதல் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னாம்மா இது, உப்பு பத்தலையே?"

உப்பு சரியாகத்தான் இருந்தது. நானே ருசி பார்த்துத்தான் இறக்கியிருந்தேன். சும்மா விடுவேனா? இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தது உங்கள் நாக்கு என்று ஆரம்பித்தேன். அவரும் விடவில்லை. சோறு ஆறிப்போகிறவரை, மனசு நிறைய, எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு நல்ல சண்டை நடந்தது.